தாழம்பூவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்

மகா சிவராத்திரிப் பெருவிழா நம் நாட்டுச் சிவாலயங்களில் நான்கு கால பூசைகளுடன் நடைபெறவிருக்கும் இவ்வேளையில், பக்தப் பெருமக்கள் கருவறையின் பின்புறச் சுவரின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கிழக்கு நோக்கிய சந்நிதியாயின் அது மேற்குச் சுவர். வலம் வருகையில் தட்சிணாமூர்த்தியைக் கும்பிட்டு, துர்க்கையம்மனுக்கு விளக்கேற்ற விரையும் நம்மில் பலர், இடையில் கோஷ்டத்தில் எழுந்தருளியிருக்கும் லிங்கோற்பவரைப் பாராமலேயே கடந்து விடுகிறோம். ஒரு தூண், தூணின் நடுவே எம்பெருமான். அவருடைய திருமுடியும் காணப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே திருவடியும் காணப்படவில்லை. மேலே ஓர் அன்னம் பறக்கிறது. கீழே ஒரு பன்றி நிலத்தைக் குடைகிறது. சிற்பி வேண்டுமென்றே முடிக்காமல் விட்ட திருவுருவம் இது ஒன்றுதான் என்று கூறலாம்.

கதை யாவரும் அறிந்ததே. தம்முள் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது, அடியும் முடியும் அறிய இயலாத சோதிப் பிழம்பாக இறைவன் அவர்கள் நடுவே எழுந்தான். பன்றியாய்ப் பூமியை அகழ்ந்து சென்ற திருமால், கண்டிலேன் என்று திரும்பி வந்து கூறினார். அன்னமாய்ப் பறந்த பிரமனோ, இறைவன் சடையிலிருந்து நழுவி வீழ்ந்து கொண்டிருந்த தாழம்பூவைக் கண்டு, 'நான் முடியைக் கண்டேன் என்று நீ எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும்' என வேண்டினார். பொய்ச் சாட்சி அம்பலமாயிற்று. பிரமனுக்குத் தனிக்கோயில் அரிதாயிற்று. உத்தரகோசமங்கை போன்ற ஓரிரு தலங்கள் நீங்கலாக, தாழம்பூ சிவபூசைக்கு விலக்காயிற்று. திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாடலில் இந்த அடிமுடி தேடிய வரலாற்றைத் தவறாது பாடி வைத்தார் என்பதைத் திருமுறை ஓதும் பிள்ளைகளும் அறிவர். ஒரே செய்தியை ஒரு ஞானக் குழந்தை இத்தனை தலங்களில் இத்தனை முறை பாட வேண்டிய அவசியம் என்ன என்று நாம்தான் சிந்தித்துப் பார்ப்பதில்லை.

இக்கதையை இங்கு விரித்துரைக்கக் காரணம் உண்டு. இவ்விழாவையொட்டி ஆலய முகப்பில் வைப்பதற்குப் பெரிய பதாகை ஒன்றை உபயமாகத் தர அன்பர் ஒருவர் முன்வந்தார். சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சிக் கூடத்தின் நடராசர் சிலை ஒருபுறம். பெருவெடிப்பின் வண்ணப்படம் மறுபுறம். கடவுள் துகளையும் உலகத் தோற்றத்தையும் நம் முன்னோர் அன்றே கண்டறிந்தனர், இன்றைய விஞ்ஞானம் அதனை ஒப்புக்கொண்டு விட்டது என்ற வாசகம் நடுவில். அன்பரின் நோக்கம் தூயது. அதில் எனக்கு ஐயமில்லை. நம் சமயத்தைக் கேலி பேசுவோர் வாயை அடைக்க வேண்டும் என்பதே அவர் ஆவல். ஆயினும் செயற்குழுக் கூட்டத்தில் அதனை நான் ஆதரிக்கவில்லை. இத்தகைய வாசகங்கள் நம் ஆலயத்தில் மட்டுமன்றி விழா மலர்களிலும் சொற்பொழிவு மேடைகளிலும் பெருகி வருவதால், ஆதரிக்காமைக்கான காரணத்தைப் பொதுவில் வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் அந்தச் சிலை. ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் சுமார் இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் நிற்பது உண்மை. 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது. அது இந்திய அரசாங்கம் அம்மையத்துடனான நெடுநாள் உறவின் அடையாளமாக அளித்த அன்பளிப்பு. அணுத்துகள்களின் இடையறா இயக்கத்தை ஆனந்தத் தாண்டவத்துக்கு ஒப்பிட்டு, 1975ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரித்ஜாப் காப்ரா என்னும் இயற்பியலாளரின் வரிகள் அதன் பீடத்தில் உள்ளன. அது உவமை, அழகிய உவமை. உவமையை நிரூபணம் என்று கூறினால், முகத்தை நிலவு என்று புலவர் பாடியதை வைத்து வானநூல் எழுதியது போலாகும்.

அடுத்து, கடவுள் துகள். 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அதே மையம் அறிவித்தது ஹிக்ஸ் துகள் எனப்படும் ஒன்றைக் கண்டறிந்த செய்தியை. ஏனைய அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவதை விளக்கும் துகள் அது. லியோன் லெடர்மன் என்னும் நோபல் அறிஞர் 1993ஆம் ஆண்டில் எழுதிய நூலுக்கு வைக்கப்பட்ட தலைப்பிலிருந்து கடவுள் என்ற சொல் அதனுடன் ஒட்டிக்கொண்டது. பிடிபடாத துகள் என்பதால் சாபச் சொல் ஒன்றையே வைக்க எண்ணினேன், பதிப்பாளர் விடவில்லை என்று லெடர்மன் வேடிக்கையாக எழுதினார். அத்துகளை முன்னறிந்து கூறிய பீட்டர் ஹிக்ஸ் அவர்களே அந்தப் பெயரை விரும்பவில்லை. புத்தக வியாபாரத்தில் பிறந்த ஒரு பட்டப்பெயரை நம் ஆலய வாசலில் தொங்கவிடுவது பெருமையாகுமா?

பிரமனின் பகல் கணக்கும் அடிக்கடி மேடையேறுகிறது. கலியுகம் 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகங்கள் சேர்ந்தது 43,20,000. அத்தகைய ஆயிரம் சதுர்யுகங்கள் பிரமனுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டுகள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி என இன்றைய புவியியல் கூறுகிறது. எண்கள் அருகருகே வருவது வியப்புக்குரியதே. அமெரிக்க வானியலறிஞர் கார்ல் சேகன் 1980ஆம் ஆண்டில் தம் தொலைக்காட்சித் தொடரில் நம் கால அளவைகளின் பிரமாண்டத்தைப் பாராட்டிப் பேசினார். பிற நாட்டார் உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்கியிருந்த காலத்தில், கோடி கோடியாக எண்ணத் துணிந்த நம் முன்னோரின் மனவிரிவு போற்றத்தக்கது. ஆனால் அதே கணக்கின்படி திரேதா யுகம் முடிந்து எட்டரை இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே வயது. பொருந்திய எண்ணை விஞ்ஞானம் என்று பதாகையில் எழுதினால், பொருந்தாத எண்ணை என்ன செய்வது? மறைத்து வைப்பதா? இராமபிரானின் பெருமை எலும்பின் வயதைப் பொறுத்ததன்று என்று அப்போது கூறுவோம். முதல் எண்ணுக்கும் அதையே கூறியிருக்கலாமே!

இனி, விஞ்ஞானம் உண்மையில் எதுவரை கண்டுள்ளது என்பதைப் பார்ப்போம். நான் இடைநிலைப்பள்ளியோடு படிப்பை முடித்தவன். ஆயினும் பொதுமக்களுக்காக அறிஞர்கள் எழுதிய நூல்கள் இன்று எல்லா நூலகங்களிலும் கிடைக்கின்றன.

விண்மீன் திரள்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகிச் செல்கின்றன என்பதை எட்வின் ஹப்பிள் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்படியாயின் ஒரு காலத்தில் அனைத்தும் நெருங்கி, அளவற்ற வெப்பத்துடன் இருந்திருக்க வேண்டும். அந்த வெப்பத்தின் எச்சம் 1965ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தங்கள் வானலைக் கருவியில் இடைவிடாத இரைச்சல் ஒன்றைக் கேட்டு, கருவியில் கூடு கட்டிய புறாக்களின் எச்சமே காரணம் என எண்ணிக் கழுவித் துடைத்தும் பார்த்தனர். இரைச்சல் போகவில்லை. அது வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஆதி வெப்பத்தின் மிச்சம் எனப் பின்னர் தெளிந்து, 1978ஆம் ஆண்டில் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய கணிப்பில் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். இதைச் சிறுமைப்படுத்த எந்த ஆன்மிகவாதிக்கும் உரிமை கிடையாது. குறுகிய ஆயுளை உடைய மனிதன், தூசு போன்ற ஒரு கிரகத்தில் இருந்துகொண்டு, இவ்வளவு அறிந்தது பெருஞ்செயல்.

ஆயினும் அங்கே ஒரு திரை உண்டு. அபிடேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை சாத்தியிருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஏதோ நடைபெறுகிறது, மணியோசை கேட்கிறது, கண்ணுக்குத் தெரிவது திரை மட்டுமே. பிரபஞ்சம் தோன்றிய முதல் 3,80,000 ஆண்டுகள் வரை ஒளி தங்குதடையின்றிச் செல்ல இயலாதவாறு அனைத்தும் கொதிக்கும் மூட்டமாய் இருந்தமையால், எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் அதற்கு அப்பால் ஒளியைக் கொண்டு பார்க்க முடியாது. கணிதத்தைக் கொண்டு அறிஞர்கள் திரையின் பின்னே இன்னும் வெகுதூரம் செல்கின்றனர். முதல் சில நிமிடங்களில் ஐதரசனும் ஹீலியமும் எவ்வளவு உருவாகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். வானில் அளந்து பார்த்தபோது விடை பெரிதும் ஒத்து வந்தது. ஆனால் தொடக்கத்தின் தொடக்கத்துக்கு, ஒரு நொடியைக் கோடி கோடியாய்ப் பகுத்தாலும் எட்டாத அந்தக் கணத்துக்குச் சென்றால், ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடும் அணுவுலகை விளக்கும் குவாண்டம் கோட்பாடும் ஒன்றோடொன்று உடன்பட மறுக்கின்றன. ஒவ்வொன்றும் தன் களத்தில் தவறாதது. இரண்டையும் ஒருசேர அழைத்தால் விடை பொருளற்றதாகின்றது. காலம் என்ற ஒன்று அங்கே இருந்ததா என்பதே தெரியவில்லை. அதற்கு முன் என்ன என்ற கேள்விக்குப் பொருள் உண்டா என்பதும் தெரியவில்லை.

தொடக்கம் மட்டுமன்று, இன்றைய பிரபஞ்சமும் பெரும்பகுதி புதிர்தான். நாம் காணும் விண்மீன்களும் கோள்களும் நம் உடலும் ஆன சாதாரணப் பொருள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு. மற்றவற்றில் 27 விழுக்காட்டைக் கரும்பொருள் என்றும், 68 விழுக்காட்டைக் கரும் ஆற்றல் என்றும் அழைக்கின்றனர். அவை பெயர்கள், விளக்கங்கள் அல்ல. பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஆதி ஒளியைக் கொண்டு கணக்கிட்டால் ஓர் எண்ணும், அருகிலுள்ள விண்மீன்களைக் கொண்டு அளந்தால் வேறோர் எண்ணும் வருகின்றன. ஏன் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே ஒளிமிக்க விண்மீன் திரள்கள் தோன்றியிருப்பதைக் காட்டி, அவர்களைக் கணக்கு ஏட்டை மீண்டும் புரட்ட வைத்துள்ளது.

இதை அவர்கள் மறைப்பதில்லை. அதுவே நான் வலியுறுத்த விரும்புவது. ஸ்டீபன் ஹாக்கிங் 1980ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியராகப் பொறுப்பேற்று ஆற்றிய உரையில், அந்நூற்றாண்டு முடிவதற்குள் இயற்பியலின் முழுமையான கோட்பாடு கிட்டிவிடலாம் என்று நம்பிக்கை தெரிவித்தார். 2002ஆம் ஆண்டில், அத்தகைய இறுதிக் கோட்பாடு இல்லாமலே போகலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாகக் கூறினார். கண்டிலேன் என்று திரும்பி வந்த திருமாலின் நேர்மையை நான் அவர்களிடம் காண்கிறேன். தாழம்பூவைத் தேடுவதோ, வருத்தத்துடன் கூறுகிறேன், நாமாக இருக்கிறோம்.

விஞ்ஞானிகளுக்குச் செருக்கு இல்லை என்று நான் கூறவில்லை. தமிழ்க் குடும்பத்தில் 1910ஆம் ஆண்டில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குள்ள நிலையில் அடங்கி ஓய இயலாது என்று கணித்தார். 1935ஆம் ஆண்டில் லண்டன் கூட்டத்தில் பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். நோபல் பரிசு வந்து சேர்ந்தது 1983இல். பெரியவர் கூற்று வீழ்ந்து இளைஞரின் கணக்கு நின்றது; அந்தத் துறையின் முறை அது. தமிழர் என்பதால் சந்திரசேகரின் படத்தைப் பதாகையில் சேர்க்க விரும்புவோர், அவர் தம்மை இறைநம்பிக்கை அற்றவர் என்றே கூறிக்கொண்டார் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கிறிஸ்தவ உலகிலும் இதே சோதனை வந்தது. பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமைட்ர். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951ஆம் ஆண்டு நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், நவீன விஞ்ஞானம் படைப்பின் தொடக்கத்துக்குச் சாட்சி கூறுகிறது என்னும் பொருள்பட உரையாற்றினார். மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைட்ர் அல்லவா? அவர் கவலை கொண்டார். தம் கோட்பாடு விவாதத்துக்கு உட்பட்டது, நாளை மாறக்கூடியது. அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. மறு ஆண்டில் உரோமில் கூடிய வானியலறிஞர்களிடம் பேசிய போப்பாண்டவர் அக்கூற்றைத் திரும்பவும் எடுத்துரைக்கவில்லை. அங்கி அணிந்த ஒருவரே வரைந்த எல்லை அது.

நம் சமயமும் இவ்வெல்லையை அறியாததன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் படைப்புச் சூக்தம், உலகம் எங்கிருந்து வந்தது எனக் கேட்டு, தேவர்களும் பின்னர் வந்தவர்களே ஆதலின் யார் அறிவார் என்று கேள்வியிலேயே முடிகிறது. வேதமே ஐயத்தில் நிறுத்திய இடத்தில் முற்றுப்புள்ளி வைக்க நாம் யார்? மணிவாசகப் பெருமானின் திருவண்டப்பகுதியைப் பெருவெடிப்புக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அண்டங்கள் வீட்டினுள் நுழையும் வெயிலில் பறக்கும் தூசு போலச் சிறுக்கும்படி இறைவன் பெரியவன் என்பதே அடிகள் அங்கே பாட வந்தது. அவர் அண்டத்தை அளக்கவில்லை, தூசாக்கினார்.

சைவ சித்தாந்தத்தையும் எண்ணிப் பாருங்கள். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்கிறது. ஆனால் சூனியத்திலிருந்து வந்தது என்று கூறவில்லை. மாயை என்னும் அனாதியான மூலப்பொருளிலிருந்து, குயவன் மண்ணைக் கொண்டு குடம் வனைவது போல, இறைவன் உலகைத் தோற்றுவிக்கிறான். வேதாந்திகள் இதனை உடன்பட மாட்டார்கள். அத்வைதிக்கு ஒரு விளக்கம், வைணவ ஆசாரியர்க்கு வேறு விளக்கம். நூற்றாண்டுக் கணக்கில் நூல் எழுதி வாதிட்டிருக்கிறார்கள். நம் சமயம் உலகத் தோற்றத்தை அன்றே கண்டறிந்தது என்று எழுதும்போது இவற்றுள் எதை எழுதுகிறோம்? அன்பர் எதையும் குறிக்கவில்லை. வண்ணப்படத்தைத்தான் குறித்தார்.

அதே சித்தாந்தம் அறிவை மூவகையாகப் பிரிக்கிறது. கருவி கரணங்களால் பெறுவது பாச ஞானம்; உயிர் தன்னைக் கொண்டு அறிவது பசு ஞானம்; இறைவன் அருளால் விளங்குவது பதி ஞானம். முதலிரண்டாலும் இறைவனை அறிய இயலாது என்பது ஒன்பதாம் சூத்திரத்தின் விரிவில் தெளிவாக உரைக்கப்பட்டது. தொலைநோக்கி எவ்வளவு பெரிதாயினும் கருவியே. அது காண்பது மாயையின் காரியத்தை. அதைக் காண்பதில் அதற்கு நிகர் இல்லை. அதைக் கொண்டு இறைவனை நிரூபித்தோம் என்பதும், இறைவன் இல்லையென நிரூபித்தோம் என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அதையும் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார். விஞ்ஞானத்துக்கு விடை தெரியாத இடமே இறைவன் இருக்கும் இடம் என்று எழுதலாமே என்றார். கேட்க இனிதாக இருக்கிறது, ஆபத்தானது. கெல்வின் பிரபு 1862ஆம் ஆண்டில் பூமியின் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் என்று கணித்தார். இன்று அது 454 கோடி. இன்று தெரியாதது நாளை தெரிய வரும். ஈர்ப்பலைகள் 2015ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டன. ஒளி புகாத திரையை அவை ஊடுருவும் ஆதலால், ஆதி கணத்தின் செய்தியை அவை ஒருநாள் கொண்டு வரக்கூடும் என்று நம்புகின்றனர். விடை தெரியாத மூலையில் ஆண்டவனைக் குடியமர்த்தினால், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அவனை இடம் மாற்ற வேண்டி வரும்.

இவையெல்லாம் பெரியவர்களின் வாதம்; பதாகையைப் படிக்கப் போவது பிள்ளைகள். ஞாயிறு தோறும் திருமுறை வகுப்புக்கு வரும் மாணவர்களில் ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பிரிவில் பயில்வோர் உண்டு. அவர்கள் இயற்பியலைப் பாடமாகப் படிக்கிறார்கள். வாசலில் நாம் எழுதியது தவறு என்பதை ஒரே மாலையில் அவர்களால் கண்டுபிடித்து விட முடியும். கண்டுபிடித்த பிள்ளை நம்மிடம் வந்து வாதிடாது. மரியாதை தெரிந்த பிள்ளை. பேசாமல் இருந்துவிட்டு, பல்கலைக்கழகம் சென்றபின் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும். துகளைப் பற்றிப் பொய் சொன்னவர்கள் திருவடியைப் பற்றி மட்டும் மெய்யா சொல்லியிருப்பார்கள் என்று அது எண்ணினால், அப்பிள்ளையைக் குறை கூற என்னால் இயலாது. அப்படி விலகிச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் விழாக் காலத்தில் அர்ச்சனைச் சீட்டில் அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதித் தருவதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

செயற்குழு நெடுநேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தது. முகப்பில் லிங்கோற்பவர் திருவுருவப் படமும் பூசை நேரங்களும் மட்டும் இடம்பெறும். நள்ளிரவில் லிங்கோற்பவ காலத்துக்கு முன்னதாக அரை மணி நேரம் மாணவர்களின் கேள்விகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. நம் வட்டாரத்து இடைநிலைப்பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும், சித்தாந்தம் பயின்ற பெரியவர் ஒருவரும் ஒன்றாக அமர்வர். உபயக்கார அன்பர் சிறிது மனத்தாங்கலுக்குப் பின், பதாகைக்கென எடுத்து வைத்த தொகையை அவ்விரவில் கண்விழிப்போருக்கான பாலுக்கும் பழத்துக்கும் தர அன்புடன் இசைந்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அலுவலகத்தில் கொடுக்கலாம். விடை தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றே கூறுவேன், அதற்கு ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்று ஆசிரியர் நிபந்தனை விதித்துள்ளார். அதே நிபந்தனையைப் பெரியவரும் விதித்துள்ளார்.